சிஸ்டரோடு பேச்சில்லை

முதல் சொட்டு விழுந்ததைச் செங்கோடன் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாதென்றே சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருந்தார், ஏனென்றால் சொட்டைத் திறந்துவிட்டது அந்தச் சிஸ்டர், அந்தச் சிஸ்டரோடு அவருக்குப் பேச்சு கிடையாது. பேச்சில்லாதவள் கையால் மருந்து ஏற்றிக்கொள்ளலாம், அதில் ஒன்றும் குறைந்துபோகாது, பேச்சில்லாதவன் ஓட்டுகிற பஸ்ஸில் ஏறி ஈரோட்டில் வந்து இறங்குவதில்லையா, அது மாதிரிதான் இதுவும் என்று வரும் வழியிலேயே மனசுக்குள் தீர்த்து வைத்திருந்தார். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, அவ்வளவுதான். சன்னலுக்கு வெளியே பார்ப்பதற்கு ஒரு தண்ணீர்த் தொட்டியும், அதை ஒட்டிய கொடியில் காய்ந்துகொண்டிருந்த ஆஸ்பத்திரிப் பச்சைத் துணிகளும் இருந்தன. ஊசி குத்திய இடத்திலிருந்து ஒரு குளிர் கிளம்பி முழங்கை வரைக்கும் ஏறியது. ஏறட்டும். மருந்து வேண்டும், மருந்து கொடுக்கிறவள் வேண்டாம். சற்று முன்னால் அவள் கேள்வி கேட்டபோதும் அவர் அவளுக்கென்று வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் ஏற்றுவதற்கு முன்னால் அதே கேள்விகள், காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, ஒன்றுக்குப் போனால் எரிகிறதா, உடம்பில் எங்காவது புண் உண்டா, வேறு மருந்து எதுவும் சாப்பிட்டீர்களா, தடுப்பூசி போட்டீர்களா. அவள் அவரைப் பார்த்துத்தான் கேட்டாள். அவர் தன் மனைவி பாவாயியைப் பார்த்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த வேலையைச் செய்து பழகிப்போன பாவாயி, ஸ்டூலை இழுத்து இரண்டு பேருக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தாள். "ஏனுங்க, காச்சல் இருக்குதான்னு கேக்கறாங்க." "இல்லைன்னு சொல்லு." "இல்லீங்களாமா சிஸ்டர்." "எனக்குக் கேக்குதும்மா, அவரு இந்தா இருக்காரு," என்றாள் சிஸ்டர். "அவங்களுக்குக் கேட்டாக் கேட்டுட்டுப் போகட்டும், நீ சொல்லு," என்றார் செங்கோடன் பாவாயியிடம். அடுத்த சாய்வு நாற்காலியில் குடல் வியாதிக்கு இதே மருந்தை ஏற்றிக்கொள்ள வந்திருந்த கோழிப்பண்ணைக்காரர் ரத்தினசபாபதி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏனுங் மாமா, கோர்ட்டுல வக்கீல்கூட இத்தனை சுத்திப் பேச மாட்டானுங்க." சிரிக்கட்டும். அவருக்கும் சேர்த்து ஒருநாள் இருக்கிறது என்று செங்கோடன் அவர் பெயரையும் ஓரமாக எடுத்து வைத்துக்கொண்டார்.

அவள் பெயர் பெனிட்டா, நாகர்கோயில்காரி. அவள்மேல் அவருக்கு முதலில் ஒன்றும் இல்லை. போன தடவை வந்ததுதான். வயலில் ஒரு கம்பித் துண்டு குத்திக் குதிகால் புண்ணாகிச் சீழ் வைத்திருந்தது, சொன்னால் மருந்தை ஏற்ற மாட்டார்கள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும், தெரிந்துதான் சாக்ஸ் போட்டுக்கொண்டு வந்தார். தன் கல்யாணத்துக்குக்கூடச் சாக்ஸ் போடாத மனுசன். அதைத்தான் அவள் கண்டுபிடித்தாள். வேட்டி, ரப்பர் செருப்பு, அதற்குள் சாம்பல் நிறச் சாக்ஸ், அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் குனிந்து, "மாமா, அதைக் கழட்டுங்க பாப்பம்," என்றாள். கழற்றினார். அவள் முகம் மாறியது. "இந்தப் புண்ணை வச்சுக்கிட்டு இதை ஏத்தப்பிடாது. இந்த மருந்து உடம்புல இருக்குற காவலைத் தூங்க வைக்குறதாக்கும். காவல் தூங்குற வீட்டுல கதவையும் தொறந்து போட்டா என்னாவும்? காலே போயிரும், உசிரும் போவும். சொல்லாண்டாமா? சின்னப் பிள்ளையா நீங்க?" அதை அவள் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். ஓரமாகக் கூட்டிப்போய்ச் சொல்லியிருக்கலாம். கோழிப்பண்ணைக்காரர் கேட்க, டிவி பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்க்க, சின்னப் பிள்ளையா நீங்க. அவள் சொன்னது தப்பு என்று செங்கோடன் எங்கேயும் சொன்னதில்லை. சொன்ன இடம் தப்பு. அன்றைக்கு மருந்து இல்லாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள், புண் ஆறுகிற வரைக்கும் மாத்திரை, மாத்திரை தீர்ந்து புண்ணும் மூடுகிறதற்குள் விரல்களெல்லாம் மறுபடியும் வீங்கித் தோல் பளபளவென்று ஆகி, காலையில் எழுந்தால் கை இரண்டும் தன்னுடையவை இல்லை என்கிற மாதிரி மரத்துக் கிடந்தன. அந்த நாட்களில் வலிக்கிற ஒவ்வொரு விரலுக்கும் அவர் அவளை நினைத்துக்கொண்டார். குதிகாலை நினைக்கவில்லை.

வலியைப் பற்றி டாக்டரம்மா முதலில் சொன்னது அவருக்கு எப்போதும் காதில் இருந்தது. "உங்க உடம்புல எதிரியை அடிக்கறதுக்குன்னு ஒரு படை இருக்குங்கய்யா. அது உங்க மூட்டையே எதிரின்னு நினைச்சு அடிக்குது." மூன்றாம் வகுப்போடு நின்றவருக்கு இது புரியுமா என்று அந்தம்மா படம் போட்டுக் காட்டப் பேனாவை எடுத்தார். படம் வேண்டியிருக்கவில்லை. சொந்த ரத்தமே எதிரியென்று அடிப்பது என்றால் என்னவென்று செங்கோடனுக்கு யாரும் படம் போட்டுக் காட்ட வேண்டாம், அவருக்குத் தம்பி இருக்கிறான், மாரப்பன் என்று பெயர். திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டியை எடுத்துக்கொண்டு அண்ணனும் தம்பியும் ஆந்திரா, கர்நாடகா என்று போகாத காடு இல்லை. லீவரைப் பிடிப்பது செங்கோடன். பூமிக்குள் துளைபோடுகிற பிட் இறங்கும் அதிர்வு லீவர் வழியாக உள்ளங்கைக்கு வரும், கருங்கல்லா, சுண்ணாம்பா, ஈரம் வருகிறதா என்று கைதான் முதலில் சொல்லும், பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். அந்தக் கைதான் வீங்கியது. முதலில் மோதிர விரல், பிறகு பக்கத்து விரல், பிறகு மணிக்கட்டு, பிடித்த லீவரை விட முடியாமல் விட்ட லீவரைப் பிடிக்க முடியாமல். ஒருநாள் ஒரு காட்டில், காட்டுச் சொந்தக்காரன் பார்த்துக்கொண்டிருக்க, கூலிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, மாரப்பன் வந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாக லீவரிலிருந்து பிரித்து எடுத்தான். "போதும், எறங்கு," என்றான். அண்ணா என்று சொல்லவில்லை. அதைவிடச் சுட்டது பிரித்து எடுத்த விதம்தான். முள்ளில் மாட்டிய துணியை எடுக்கிற மாதிரி. அன்றோடு பேச்சு நின்றது. அதற்குப் பிறகு வந்த வருசங்களில் சட்டைப் பொத்தானைப் பாவாயி போட்டுவிட்டாள், சோற்றைப் பாவாயி பிசைந்து தந்தாள், தண்ணீர்ச் செம்பை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் இடுக்கிக் குழந்தை மாதிரிக் குடித்தார். தின்ற மாத்திரைகளுக்கு அளவில்லை. பிறகுதான் இந்த மருந்து. இதைத் தொடங்கும் முன் நெஞ்சைப் படம் எடுத்தார்கள், காச நோய் ஒளிந்திருக்கிறதா, மஞ்சள் காமாலை ஒளிந்திருக்கிறதா என்று ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள், காவலைத் தூங்க வைக்கும் முன் வீட்டுக்குள் திருடன் ஏற்கெனவே இருக்கிறானா என்று பார்க்கிறார்கள் போல. மூன்றாவது தடவை ஏற்றிய பிறகு ஒரு காலையில் கிணற்றடியில் நின்று துண்டை முறுக்கினார். ஈரத் துண்டு. அதிலிருந்து தண்ணீர் கொட்டியது. நின்று பார்த்தார். மறுபடி நனைத்தார், மறுபடி முறுக்கினார், கொட்டியது, மறுபடி நனைத்தார். பாவாயி வந்து, "என்னங்க, துண்டு கிழியற வரைக்கும் பிழியறதா உத்தேசமா," என்று கேட்டு, கேட்டுவிட்டுத்தான் என்ன நடக்கிறதென்று பார்த்து, சும்மாடுத் துணியை வாயில் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். அந்தத் துண்டுத் தண்ணீருக்காக எந்த நாகர்கோயில்காரி முகத்தை வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்ளலாம். பொறுத்துக்கொள்ளலாம், பேச வேண்டியதில்லை.

"சித்தெ கீழ போயி ரெண்டு பூரி தின்னுட்டு வந்தர்றேனுங்க, காலைல ஒண்ணும் திங்கலை," என்று பாவாயி எழுந்தாள். அவர் தலையை ஆட்டினார். அவள் போனாள். அப்போது அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. பிறகு உள்ளங்கை அரித்தது. ஊசி இல்லாத கை, வலது கை. சொறிந்துகொண்டார். கைப்பிடியில் தேய்த்தார். ரெக்சினாக இருக்கும், எத்தனை பேர் உட்கார்ந்த நாற்காலியோ. அரிப்பு விரல் இடுக்குக்குப் போனது, போனால் போகட்டும், காதுக்குள் அரித்தது, இது எப்படிக் காதுக்குள் வரும், வெளியே தொட்டி மேல் ஒரு காக்கை வந்து உட்கார்ந்திருந்தது, அதன் மூக்கைத் தொட்டியின் விளிம்பில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தீட்டிக்கொண்டிருந்தது, தொண்டைக்குள் அந்த மூக்கு தீட்டுகிற மாதிரி இருந்தது. செருமினார். எச்சில் விழுங்கினார். விழுங்கியது வழக்கமான இடத்தைத் தாண்ட ஒரு கணம் யோசித்துவிட்டுத் தாண்டியது. ஏற்றும்போது அரித்தால், மூச்சு இறுக்கினால், நெஞ்சு கனத்தால், மயக்கம் வந்தால் உடனே சொல்ல வேண்டும் என்று முதல் தடவையே சொல்லியிருந்தார்கள், அதைச் சொன்னது யார், இவள்தான், அப்போது பேச்சு இருந்தது. இப்போது சொல்ல வேண்டும். யாரிடம் சொல்வது. பாவாயியிடம். பாவாயி கீழே பூரி தின்றுகொண்டிருக்கிறாள், அவளுக்குப் பூரி என்றால் உயிர், கிழங்கை மூன்றாவது தடவை கேட்டு வாங்குவாள், இப்போது வர மாட்டாள். கோழிப்பண்ணைக்காரர் இருக்கிறார். "ஏனுங்," என்றார் செங்கோடன் அவர் பக்கம் திரும்பி. ரத்தினசபாபதிக்கு, மருந்து ஏற்றும் முன் போட்ட ஊசி தூக்கத்தைக் கொடுத்திருந்தது, வாய் திறந்து கிடந்தது, ஒரு கால் கீழே தொங்கியது. "ஏனுங் பண்ணைக்காரரே." குறட்டை வந்தது. தன் பண்ணையில் ஆயிரம் கோழி கத்தும்போது தூங்கிப் பழகியவரை ஒரு மனுசன் எப்படி எழுப்புவது. நாற்காலிக் கைப்பிடியில் அழைப்பு மணி தொங்கியது. அழுத்தலாம். அழுத்தினால் அவள் வருவாள். வந்து என்ன மாமா என்பாள். அதற்கு ஒரு பதில் சொல்ல வேண்டும், அந்தப் பதிலை யார் சொல்வது.

ஒன்றும் இல்லை, இது போய்விடும். காலையில் தின்ற பொங்கலில் மிளகு அதிகம், மிளகு தொண்டையைக் கமறும். மிளகு கமறினால் உள்ளங்கை அரிக்காது. அரிக்காதுதான், ஆனால் நெஞ்சுக்கு மேல் யாரோ மடித்த கம்பளி ஒன்றை வைத்திருக்கிற மாதிரி இருக்கிறதே, அது என்ன, அது பயம், பயத்தில் அப்படித்தான் இருக்கும். முகம் சூடானது. பயத்தில் முகம் சூடாகுமா, குளிருமா. சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தார். சொன்னால் நிறுத்துவாள். உனக்கு இந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, இனிமேல் கிடையாது, வீட்டுக்குப் போ என்பார்கள். மறுபடியும் பொத்தான், மறுபடியும் பிசைந்த சோறு, மறுபடியும் உள்ளங்கைகளுக்கு நடுவில் செம்பு. துண்டை இனிமேல் பாவாயிதான் பிழிவாள். சொல்லாமல் இருந்தால் பைக்குள் இருக்கிறது முழுக்க இறங்கிவிடும், இறங்கிவிட்டால் எட்டு வாரத்துக்குக் கை அவருடையது. கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொண்டால் போதும். பல்லைக் கடிப்பது அவருக்குப் புதிதில்லை. மூச்சை இழுத்தார், இழுத்த மூச்சு பாதி வழியில் சீட்டி அடித்தது, சன்னமாக, சைக்கிள் டியூபில் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தால் வருகிற சத்தம். இல்லை, டியூப் இல்லை, ஹோஸ். கம்ப்ரெசரிலிருந்து ரிக்குக்குக் காற்றுப் போகிற ஹோஸ் இப்படித்தான் அனந்தபூர்க் காட்டில் சீட்டி அடித்தது. பேச்சு நின்ற பிறகும் செங்கோடன் வண்டியோடு போய்க்கொண்டுதான் இருந்தார், பாதி வண்டி அவருடையது, லீவரை விட்டால் வண்டியையும் விட்டுவிடுவாரா. மாரப்பன் லீவரில் நின்றான், அவர் கீழே, குழிக்குள் இறங்குகிற இரும்பு ராடுகளை எண்ணிக்கொண்டு நின்றார், இரண்டு பேருக்கும் நடுவில் ராடு மாட்டுகிற ஒடிசாக்காரன், தமிழே பாதிதான் தெரியும், அவன் மூலமாகத்தான் எல்லாமும். பெரியவரைச் சாப்பிடச் சொல்லு. சின்னவரை டீசல் பார்க்கச் சொல்லு. அன்றைக்கு அவர் முதுகுக்குப் பின்னால் ஹோஸ் பந்து மாதிரி உப்பியது. மேலே நின்ற மாரப்பனுக்கு அது நன்றாகத் தெரிந்தது. தெரிந்து அவன் என்ன செய்தான், ஒடிசாக்காரனைத் தேடினான். "ஏய், பெரியவரைத் தள்ளி நிக்கச் சொல்றா." ஒடிசாக்காரன் வண்டிக்கு அந்தப் பக்கம் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். ஹோஸ் வெடித்து, இரும்புப் பாம்பு மாதிரிச் சுழன்று அவர் முதுகில் அறைந்தது, முகம் குப்புற விழுந்தார், மாதக்கணக்கில் படுக்கை. ஒரு வார்த்தை. அண்ணா என்றுகூட வேண்டாம், தள்ளு என்று ஒரு வார்த்தை, அதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. பார்த்துக்கொண்டே நின்றான். இதைச் செங்கோடன் எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார், பஸ்ஸில், டீக்கடையில், எழவு வீட்டில். பார்த்துக்கொண்டே நின்றானுங்க, வாயத் தொறக்கலை. சொல்லும்போது கேட்கிறவர்கள் எல்லோரும் தலையை ஆட்டினார்கள், அப்படியும் ஒரு மனுசன் உண்டா என்று.

மூச்சு மறுபடியும் சீட்டி அடித்தது. செங்கோடன் அதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கேட்டுக்கொண்டே, வாயைத் திறக்காமல். கோழிப்பண்ணைக்காரர் எழுந்திருப்பாரா என்று பார்த்துக்கொண்டு. பாவாயி வருவாளா என்று பார்த்துக்கொண்டு. யாரையோ தேடிக்கொண்டு. அட, என்றது மனசு. அப்போதுதான் அது அவர்மேல் வந்து விழுந்தது. அந்தப் பயலுடைய வேலையை இங்கே உட்கார்ந்து நான் செய்துகொண்டிருக்கிறேன். சம்பளம் இல்லாமல். மாரப்பன் திருச்செங்கோட்டில் தன் வீட்டில் காலை நீட்டிக் காப்பி குடித்துக்கொண்டிருப்பான், அவனுக்காக நான் எனக்கே வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். உடனே எழவு வீடு கண்முன் வந்தது, தன் எழவு, வாசலில் பந்தல், மாலையோடு மாரப்பன் வந்து நிற்கிறான், கூட்டம் வழிவிடுகிறது, பேச்சில்லாதவன் சாவுக்கு வரலாம், அதுதான் வழக்கம், அவன் துண்டால் மூக்கைச் சிந்திக்கொண்டு பக்கத்தில் நிற்பவனிடம் சொல்கிறான், எங்கண்ணன் வீம்புக்காரருங்க, தொண்டை அடைச்சப்பக்கூட அந்த நர்சம்மாவக் கூப்பிடலை பாருங்க, நானும் அப்பவே சொன்னேன். சொல்வான். கட்டாயம் சொல்வான். அதற்குப் பிறகு யார் அவனுக்குப் பதில் சொல்வது, படுத்துக் கிடக்கிறவனா. ஹோஸ் கதையை யார் சொல்வது. பாவாயி சொல்ல மாட்டாள், அவளுக்கு மாரப்பன்மேல் அவ்வளவு கோபம் கிடையாது. கதையே மாறிப்போகும். செங்கோடனுக்கு நெஞ்சின் மேலிருந்த கம்பளியைத் தாண்டி ஒரு கோபம் கிளம்பியது, நல்ல கோபம், பழைய கோபம், நாற்பது வருசம் ரிக்கின் அதிர்வைத் தாங்கின கோபம். கொடுக்க மாட்டேன். அவன் கையில் அந்தக் கதையைக் கொடுக்க மாட்டேன்.

முதலில், கூச்சம் இன்னும் போகாமல், மருந்துப் பை தொங்கிய கம்பியைப் பார்த்து, "இந்தத் தொண்டை ஏனோ இறுக்குதே," என்றார். வீட்டில் அவர் கோபமாக இருக்கும்போது தூணைப் பார்த்து இப்படிச் சொன்னால் காப்பி வந்துவிடும். இங்கே கம்பி கம்பியாகவே நின்றது. அந்தக் கோடியில் மேசையில் குனிந்திருந்த சிஸ்டரின் தலை நிமிரவில்லை. மணியைப் பிடித்தார், அழுத்தினார், அழுத்திவிட்டு அதுவும் போதாதென்று வாயைத் திறந்தார். "சிஸ்டர்." குரல் சன்னமாக வந்தது. மறுபடியும், "சிஸ்டர், எனக்குத் தொண்டை இறுக்குதுங்க, கையி அரிக்குதுங்க, நெஞ்சு கனக்குதுங்க." மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னார், மூச்சு இருக்கிறபோதே சொல்லிவிட வேண்டுமென்று.

அவள் ஓடிவரவில்லை, ஓடினால் அவர் பயந்துபோவார் என்பது மாதிரி நடந்துதான் வந்தாள், ஆனால் பாதி தூரத்திலேயே கை நீண்டுவிட்டது. வந்ததும் குழாயில் இருந்த சக்கரத்தை ஒரே தள்ளாகத் தள்ளி மூடினாள். சொட்டு நின்றது. நின்ற சொட்டைச் செங்கோடன் பார்த்தார், விழப்போன இடத்தில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. "எப்பலேந்து?" "இப்பத்தானுங்க. சித்தெ முன்னாடி." "சித்தென்னா எவ்வளவு மாமா, நெசத்தைச் சொல்லுங்க." "காக்காய் வந்து உட்கார்றதுக்கு முன்னாடி," என்றார், அவருக்குத் தெரிந்த நேரம் அதுதான். அவள் சிரிக்கவில்லை. இன்னொரு சிஸ்டரைக் கூப்பிட்டாள், நாற்காலி சாய்ந்தது, கையில் பட்டை சுற்றிப் பிரசர் பார்த்தார்கள், விரலில் கவ்வி மாட்டினார்கள், ஊசி வழியாக வேறு ஏதோ போனது, மூக்கில் காற்றுக் குழாய் வந்தது, சட்டையைத் திறந்து நெஞ்சைப் பார்த்தாள், தடித்துச் சிவந்திருந்தது. அவள் கை அவர் நாடியிலேயே இருந்தது. "நல்லா மூச்சு விடுங்க. நீங்க சொன்னதுதான் நல்லதாச்சு." கம்பளியை யாரோ ஓரமாகப் பிடித்து மெல்ல இழுக்க ஆரம்பித்தார்கள். முதலில் காது அரிப்பு போனது. பிறகு கை. மூச்சின் சீட்டி நின்றபோது அறை அவ்வளவு அமைதியாக இருந்தது, குறட்டை தனியாகக் கேட்டது. டாக்டரம்மா வந்தார். செங்கோடன் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அரிப்பைப் பற்றி அவருக்கு இப்போது கவலை இல்லை, வேறு ஒன்றைக் கேட்க வேண்டியிருந்தது, கேட்கவும் பயமாக இருந்தது, ஆனால் வாய் ஒருதரம் திறந்துவிட்டது, இனி மூடினால் என்ன, திறந்தால் என்ன. "மருந்தை நிறுத்திப்போடுவீங்களா டாக்டரம்மா?" டாக்டரம்மா நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், முதுகில் வைத்துக் கேட்டார், உலகத்தில் இவ்வளவு நேரம் முதுகைக் கேட்கிற டாக்டர் வேறு யாரும் இருக்க முடியாது. "நடுவுல புண்ணு வந்து தள்ளிப்போச்சில்லீங்களா, இடைவெளி விட்டா இந்த மாதிரி சில பேருக்கு வரும்," என்றார் கடைசியில். "லேசா இருக்கறப்பவே சொல்லிட்டீங்க. அதனால நிறுத்த வேண்டியதில்லை. முழுசா அடங்கட்டும், பார்த்துட்டு மெதுவா மறுபடி ஆரம்பிக்கலாம். நீங்க சொல்லாம இருந்து, மூச்சு முட்டி, பிரசர் விழுந்திருந்தா இந்த மருந்தை உங்களுக்கு நான் மறுபடி தொட்டிருக்க மாட்டேன்."

அடங்கியது. காத்திருந்தார்கள், பிரசர் பார்த்தார்கள், மறுபடி காத்திருந்தார்கள். பெனிட்டா சக்கரத்தில் விரலை வைத்தாள். இந்தத் தடவை செங்கோடன் சன்னல் பக்கம் திரும்பவில்லை. தொங்கிக்கொண்டிருந்த சொட்டு கொழுத்தது, நீண்டது, விழுந்தது. அடுத்தது யோசித்து யோசித்து வந்தது, பெருமாள் கோயிலில் தீர்த்தம் கொடுக்கிற கஞ்சத்தனமான ஐயர் மாதிரி, ஆனால் வந்தது. ஒவ்வொன்றாக விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உடம்பில் எங்கேயும் ஒன்றும் அரிக்கவில்லை. உள்ளே ஏதோ ஒன்று கொட்டுமேளம் அடித்துக்கொண்டிருந்தது. ஜெயித்தது யார். அவர்தான். மருந்தும் கையில், உயிரும் கையில், எழவு வீட்டுக் கதையும் கையில். மாரப்பன் மாலை வாங்க வேண்டியதில்லை. இதை அவனுக்குத் தெரியப்படுத்த வேண்டும், உன்னால் முடியாத ஒன்றை நான் செய்துவிட்டேன், பேச்சில்லாத ஆளை நேருக்கு நேர் கூப்பிட்டேன் என்று. நேரில் சொல்ல முடியாது, அவனோடு பேச்சு இல்லை. யார் மூலமாகவாவது சொல்லி அனுப்பலாம். அவசரம் இல்லை, நிறைய ஆயுள் கிடக்கிறது.

பாவாயி வந்தாள், முந்தானையில் கை துடைத்துக்கொண்டே. மூக்கில் குழாயையும் திறந்து கிடந்த சட்டையையும் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள். "என்னாச்சுங்க?" "ஒண்ணுமில்லை புள்ள. தொண்டை இறுக்குச்சு. சிஸ்டரைக் கூப்பிட்டேன், நிறுத்துனாங்க, இப்ப மெதுவாப் போகுது." பாவாயி அவரைப் பார்த்தாள், சிஸ்டரைப் பார்த்தாள், மறுபடி அவரைப் பார்த்தாள். "ஆரு கூப்பிட்டா?" "நாந்தான்." "நீங்களேவா?" "பின்னே, நீ பூரி தின்னு முடிச்சு வந்து கூப்பிடறதுக்குள்ள நான் போய்ச் சேந்திருப்பேன்." அவள் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்தாள். துடைத்துவிட்டு, "மூணாவது தடவை கிழங்கு வாங்காம இருந்திருந்தா," என்று தனக்குத்தானே ஏதோ சொன்னாள். சத்தத்தில் ரத்தினசபாபதி விழித்துக்கொண்டு, "என்னங் மாமா, கோர்ட்டு கலைஞ்சுதா," என்றார். "கலைஞ்சுது. நீங்க சாட்சிக்கு வராம தூங்கீட்டீங்க," என்றார் செங்கோடன்.

பிறகுதான் அது நடந்தது, யாரும் எதிர்பார்க்காதது, அவரே எதிர்பார்க்காதது. பெனிட்டா பிரசர் பார்க்க வந்தபோது, அவள் ஒன்றும் கேட்காதபோதே, "சிஸ்டர், இந்தக் கடவாப்பல்லு ஆடுதுங்க," என்றார். "சந்தைப்பேட்டைல ஒருத்தன் நிமிசத்துல புடுங்கறான், நாளைக்குப் போலாம்னு இருந்தேன்." அவள் கை நின்றது. "எங்களைக் கேக்காம பல்லு பிடுங்கப்பிடாது மாமா. அதுல சீழ் வச்சா உங்களுக்கு ரத்தத்துல போயிரும். டாக்டர்கிட்ட சொல்லி நாங்க நல்ல இடம் பாத்து அனுப்புறோம்." "சரிங்க. அப்பறம் எங்க மச்சான் ஒரு பொடி குடுத்தான், மூட்டுக்கு. தேன்ல கொழைச்சு ரெண்டு வாரமாத் திங்கறேன்." பாவாயி எழுந்து நின்றாள். "வேற மருந்து சாப்பிடறாரான்னு கேட்டப்ப இல்லைன்னுதானே சொல்லச் சொன்னீங்க." "நீதானே சொன்ன, நான் சொன்னனா? கேட்டுக்கோங்க சிஸ்டர், இல்லைன்னு சொன்னது அவ." "அந்தப் பொடியை நாளைக்குக் கொண்டாங்க, அதுவரைக்கும் தொடப்பிடாது," என்றாள் பெனிட்டா, சிரிப்பை அடக்கிய முகத்தோடு. அவருக்கு நிறுத்த முடியவில்லை. ஒரு கிணற்றில் தண்ணீர் பட்டால் முதலில் சேறு வரும், பிறகு நுரை வரும், பிறகு நிற்காமல் வரும். மேல் வீட்டுக்குக் குடிவந்தவன் மாதக்கணக்காக இருமிக்கொண்டிருக்கிறான், ராத்திரியில் திண்ணையில் உட்கார்ந்து அவனோடுதான் தாயம் ஆடுகிறோம். அவனை நெஞ்சுப் படம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்க, அதுவரைக்கும் தாயம் வேண்டாம், என்றாள் பெனிட்டா. போன மாதம் ஒரு நாள் குளிர் அடித்தது, பாவாயிக்கே தெரியாது. ஒரு நாள் ஒன்றுக்குப் போகும்போது எரிந்தது, மோர் குடித்தேன், நின்றது. இதையெல்லாம் இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் ஏற்ற மாட்டார்கள் என்று. இப்போது ஏற்றிக்கொண்டிருந்தது, அவர் சொல்லிக்கொண்டிருந்தார், இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒவ்வொன்றைச் சொல்லி முடித்ததும் நெஞ்சுக்குள் கொட்டுமேளம் ஒரு தட்டு அதிகமாகத் தட்டியது. கோழிப்பண்ணைக்காரர் பக்கத்தில் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தன் சட்டையை மெல்ல விலக்கி, "சிஸ்டர், எனக்கும் இங்க ஒரு கட்டி இருக்குதுங்க, சொல்லலாமா வேண்டாமான்னு இருந்தேன்," என்றார்.

வெயில் தொட்டியைத் தாண்டிச் சாய்ந்திருந்தது. கொடியில் காய்ந்த பச்சைத் துணிகளை ஒருத்தி அள்ளிக்கொண்டு போனாள். மற்ற நாற்காலிகள் காலியாகிவிட்டன, துடைப்பவர் ஒவ்வொரு நாற்காலியாகத் துடைத்துக்கொண்டு வந்தார். பை சுருங்கி ஒட்டிக்கொண்டது, குழாயில் கடைசி நீர் கீழே இறங்கி வந்து ஊசிக்குள் மறைந்தது. முழுவதும், ஒரு சொட்டு விடாமல், அவருக்குள். பெனிட்டா பஞ்சும் பிளாஸ்டரும் எடுத்துக்கொண்டு வந்து எதிரில் நின்றாள். "முடிஞ்சுது மாமா. கையைத் தாங்க, ஊசியை எடுத்துருவோம். ரெண்டு நாளைக்குள்ள காய்ச்சல், தடிப்பு எதுனாலும் உடனே போன் பண்ணணும், ராத்திரியானாலும்."

செங்கோடன் கையைத் தரவில்லை. நாற்காலியில் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து, நடுவில் இருந்த ஸ்டூலைக் காலால் அவள் பக்கம் தள்ளினார்.

"உக்காருங்க சிஸ்டர்," என்றார். "நான் இன்னும் சொல்லி முடிக்கலை."